பல்புக்குள் புகுந்த ஓர்வில்

எங்கள் ஸ்வான்டேல் ஊரில் போன குளிர்காலம் முழுக்கச் செத்தவர்களுக்கு ஓய்வே இல்லை.

உயிரோடு இருந்தபோது சோபாவை விட்டு அசையாத மனிதர்கள் எல்லாம் செத்த பிறகு ஓடி ஓடி வேலை பார்த்தார்கள். ஆர்டிஸின் வீட்டுக்காரர் தினம் மத்தியானம் வாசல் மணியை அடித்தார். ஹெல்மரின் அண்ணன் பிரிட்ஜுக்குள் உட்கார்ந்துகொண்டு, யாராவது கதவை அதிக நேரம் திறந்து வைத்தால் கீ கீ என்று திட்டினார். சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், தானாகத் தரையைப் பெருக்கும் வட்ட மெஷினில் குடியேறி, மருமகளின் கட்டிலுக்கு அடியில் கிடந்த தூசியை எல்லாம் நடுக்கூடத்துக்கு இழுத்துவந்து காட்டினார். ஊரே புல்லரித்து நின்றது. பிரிட்ஜ் வாங்கின கடையில் கேட்டிருந்தால், எல்லா பிரிட்ஜும் போடுகிற சத்தம்தான் அது என்று சொல்லியிருப்பான். யார் கேட்டார்கள்?

எல்லாம் டாரியன் வெல்ஸ் செய்த புண்ணியம்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளை வேனில் வந்து இறங்கினான். பல் வெள்ளை, சட்டை வெள்ளை, வேன் வெள்ளை. சர்ச் அடித்தளத்தில் இலவசக் கூட்டம் போட்டான். இலவசக் காபி என்றால் எங்கள் மினசோட்டா மாநிலத்தில் பனிப்புயலிலும் கூட்டம் வரும். வந்தது.

"ஆத்மாங்கிறது என்ன? ஒரு அலை. வைஃபைங்கிறது என்ன? அதுவும் ஒரு அலை. அலையும் அலையும் பேசிக்காதா?" என்றான்.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் தலையை ஆட்டினார். அவர் வகுப்பில் பையன்கள் ஆட்டுவார்களே, புரியாமல், அதே ஆட்டம்.

வீட்டுக்கு வீடு அவனே வந்து ஒரு வெள்ளைப் பெட்டி வைப்பான். பல்பும் வாசல் மணியும் மாட்டுவான். பேசுகிற ஸ்பீக்கர், தானாகக் கூட்டும் மெஷின், ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவர்ப் பெட்டி, எல்லாம் கொடுப்பான். சாமான் இலவசம், மாசச் சந்தா மட்டும் கட்டினால் போதும். வெள்ளிச் சந்தா கட்டினால் செத்தவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்வார். தங்கச் சந்தா கட்டினால் கலர் கலராகச் சொல்வார், பாட்டும் போடுவார். மேலுலகத்திலும் முதல் வகுப்பு உண்டு போலிருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. எல்லா வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர்: 'சொர்க்கம்'. எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

"அது ஏன் தம்பி?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"அம்மா, பெரும்பாலான ஆத்மாக்களுக்கு வயசாயிருக்கு. வீட்டுக்கு வீடு வேற வேற பாஸ்வேர்ட் வெச்சா அவங்க ஞாபகம் வெச்சுக்குவாங்களா?"

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோதே கார் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

நான் வெர்னா லிண்ட்க்விஸ்ட். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் செத்துப்போய் வந்து தொல்லை கொடுக்க எனக்கு ஆள் கிடையாது. சரி, நான் மட்டும் அந்த வெள்ளைப் பெட்டியை வேண்டாம் என்று சொன்னேனா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் வழக்கம் அப்படி. யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவையும் நீட்டிவிட்டால் வாங்கித்தான் ஆகவேண்டும், மறுத்தால் அது அவமானம். அந்தப் பயல் இதை எங்கேயோ கற்றுக்கொண்டு வந்திருந்தான். "ஒரு பெட்டி வைக்கட்டுமா? வைக்கட்டுமா? வைக்கட்டுமா?" என்று வாசலில் நின்று மூச்சு விடாமல் மூன்று தடவை கேட்டான். முடிந்தது. என் சமையலறையில் கேக் டப்பாவுக்குப் பக்கத்தில் சொர்க்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் கொடுத்த பல்புகளை மட்டும் அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டேன்.

அவனைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்காததற்கும் காரணம் இதே மரியாதைதான். ஒருவன் முகத்துக்கு நேரே "நீ பொய் சொல்றே" என்பது எங்கள் ஊரில் பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம். மிஞ்சிப்போனால் "இது வித்தியாசமா இருக்கே" என்போம். அதுதான் எங்கள் அகராதியில் கடைசி வசவு. அதற்கு மேல் சொன்னால் வம்சப் பகைதான்.

இப்போது மார்லிஸுக்கு வருகிறேன். எதிர்வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் இருந்து என் சிநேகிதி. அவள் புருஷன் ஓர்வில் இறந்து நாலு வருஷம். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டு ஹீட்டரை அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏற்ற விடமாட்டார். அறுபத்திரண்டு என்பது ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் தட்டும் சூடு. மார்லிஸ் திருட்டுத்தனமாக ஏற்றுவாள், அவர் இறக்குவார். அந்தக் குடும்பத்தின் முழுச் சண்டையும் அந்தச் சுவரில்தான் நடந்தது. ஊருக்கே தெரியும்.

போன வருஷம் மார்லிஸுக்கு லைல் மேல் காதல் வந்தது. ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருப்பவர். உயிருள்ள புழு விற்கிற மனிதனிடம் என்னடி பார்த்தாய் என்று கேட்டேன். "சிரிக்க வைக்கிறாரு, வீட்டைச் சூடா வெச்சுக்கிறாரு. வேற என்ன வேணும்?" என்றாள். ஏரி உருகினதும் கல்யாணம் என்று பாஸ்டரிடம் நாளும் குறித்துவிட்டார்கள். விரலில் மோதிரம். இந்த வயதில் அவள் முகம் பதினெட்டு வயதுப் பெண் மாதிரி சிவந்திருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு அந்த நாசமாய்ப் போன யோசனை வந்தது.

"ஓர்விலை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் வெர்னா. மரியாதைக்குத்தான்."

"செத்தவங்ககிட்ட என்னடி மரியாதை? அவரு மட்டும் சாகறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டாரா?"

என் பேச்சை அவள் கேட்கவில்லை. தங்கச் சந்தா கட்டினாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கூடத்தில் ஊரே கூடியது. டாரியன் கண்ணை மூடி, வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஓர்வில், வந்திருக்கீங்களா?" என்றான். பல்பு ஒரு தடவை சிமிட்டியது. ஆமாம். "மார்லிஸ் மறுபடி கல்யாணம் பண்ணிக்கலாமா?" பல்பு இரண்டு தடவை சிமிட்டியது. இல்லை. கூடம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஸ்பீக்கர் போல்கா என்கிற பழைய துள்ளல் நடனப் பாட்டை அலறியது. ஓர்வில் காரில் எப்போதும் போடுகிற வகை. எண்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் லைல் காலை வைத்தால் போதும், பெருக்கும் மெஷின் எங்கிருந்தோ வந்து அவர் பூட்ஸை முட்டும். "பாத்தீங்களா, லைல் காலைத்தான் முட்டுது!" என்பாள் ஆர்டிஸ். ஹீட்டர் தானாக அறுபத்திரண்டுக்கு இறங்கும். மார்லிஸ் ஏற்றுவாள், ஐந்து நிமிஷத்தில் இறங்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. அவள் குல்லா போட்டுக்கொண்டு தூங்கினாள். மோதிரத்தைக் கழற்றிப் பட்டன் ஜாடிக்குள் போட்டுவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜாடியைத் தூக்கி டாரியன் வேன் கண்ணாடியில் அடித்திருப்பேன்.

டாரியனுக்கு இந்தக் கல்யாணத்தில் என்ன நஷ்டம்? சொல்கிறேன். லைலிடம் இருப்பது மடக்குகிற பழைய போன். "நான் பேசறதை ஒட்டுக்கேக்கிற சாமான் எதுவும் நான் இருக்கிற வீட்டுல இருக்கக் கூடாது" என்று ஏற்கெனவே ஊரறியச் சொல்லிவிட்டார். அவர் குடிவந்தால் மார்லிஸ் வீட்டில் இருந்து பெட்டி, பல்பு எல்லாம் வெளியே போகும். வியாழக்கிழமைக் கூட்டமும் போகும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஓர்வில் சம்மதிக்கக் கூடாது. ஓர்வில் என்ன செய்வார் பாவம், சொன்னபடி சிமிட்டினார்.

லைல் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். காபி ஆறியது, தொடவில்லை.

"உயிரோட இருக்கிறவன் போட்டிக்கு வந்தா நாலு குத்து விடலாம். செத்தவன்கூட எப்படி வெர்னா சண்டை போடறது?"

அவர் போன பிறகு விளக்கைப் போட்டால் சமையலறை பல்பு பியூஸ். வெளியே கண்ணை மறைக்கிற பனி, கடைக்குப் போக முடியாது. பரணில் ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மார்லிஸிடம் போய் ஒன்று கேட்டேன். அவள் சாமான் அறையில் எரிந்துகொண்டிருந்த ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். கொண்டுவந்து மாட்டினேன். நன்றாக எரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. நான் கூட்டத்துக்குப் போகவில்லை, முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் கூட்டம் தொடங்கியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திடீரென்று என் தலைக்கு மேல் பல்பு சிமிட்டியது. ஒரு தடவை. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு தடவை. அப்புறம் என் சமையலறை முழுக்கச் சிவப்பு.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஓர்வில்?" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டேன். "என் காபி நாய்கூடக் குடிக்காதுன்னு ஊரெல்லாம் சொன்ன மனுஷன், என் சமையலறையில உனக்கு என்ன வேலை?"

பல்பைப் பார்த்தேன். எதிர்வீட்டைப் பார்த்தேன். பல்பைப் பார்த்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்களைக் கண்ணாடி வழியாகக் கவனித்தவள் நான். எவன் எச்சில் உருண்டை எறிந்தான் என்று திரும்பாமலே சொல்லுவேன். ஓர்வில் மார்லிஸைத் தேடி வரவில்லை, பல்பு எங்கே போகிறதோ அங்கே போகிறார். அப்படியானால் ஆவி பல்பில் இல்லை, பல்பை எவன் மாட்டினானோ அவன் பையில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். குல்லாவோடு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஓர்வில் உன் வீட்டுக்கு வந்தாரா?" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அடியே, பொறாமைப்படறதுக்கு இது நேரமா? நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. ஓர்வில் உன்னைத் தேடி வராரா, பல்பைத் தேடி வராரா?"

"என்னைத்தான்."

"அப்போ நீ இங்கேயே இரு. பல்பை மட்டும் நாம மாத்துவோம். உன்னோடதெல்லாம் என் வீட்டுல, அவன் மாட்டாம என் பரண்ல கிடக்கிற புதுசெல்லாம் உன் வீட்டுல. புருஷனுக்குப் பொண்டாட்டி எங்கே இருக்கான்னு தெரியாமப் போகுமா?"

அவள் அப்பத்தைத் திருப்பாமல் நின்றாள். ஒரு பக்கம் கருகியது.

"நான் முட்டாளாயிட்டேன்னா எல்லாரும் சிரிப்பாங்க வெர்னா."

"சிரிக்கிறவங்க எல்லாரும் சந்தா கட்டினவங்கதான். முதல்ல அவங்க அவங்களைப் பார்த்துச் சிரிக்கணும்."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். "சரி. ஆனா ஒண்ணு. பல்பை மாத்தின பிறகும் ஓர்வில் இங்கே என்கிட்ட வந்து வேண்டாம்னு சொன்னாருன்னா, லைலை விட்டுடுவேன். திரும்பப் பேசக் கூடாது. நீயும்தான்."

"பேச மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பல்புதான். அந்தப் பயல் வேறு என்ன வித்தை வைத்திருக்கிறானோ, யார் கண்டது? தப்பாய்ப் போனால் என் சிநேகிதியின் கல்யாணத்தை நானே குழியில் தள்ளினவள் ஆவேன்.

அடுத்த வியாழன் மத்தியானம் மார்லிஸ் அவள் கையாலேயே பல்புகளைக் கழற்றினாள். ஸ்பீக்கர், பெருக்கும் மெஷின், எல்லாவற்றையும் ஒரு பனிச்சறுக்குப் பலகையில் கட்டி, போர்வை போட்டு மூடி, நானும் லைலும் தெருவைத் தாண்டி இழுத்துவந்தோம். நடுத்தெருவில் ஹெல்மர் எதிரே வந்தார்.

"என்ன அது?"

"ஓர்வில்" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

என் வீட்டு விளக்குகள் எல்லாவற்றிலும் மார்லிஸின் பல்புகளை மாட்டினோம். சொர்க்கம் எல்லா வீட்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட்தானே? பல்புகள் எந்த வீடு என்று கேட்காமல் ஒட்டிக்கொண்டன. லைல் பரணில் இருந்த என் புதுப் பல்புகளைக் கொண்டுபோய் மார்லிஸ் வீட்டில் மாட்டினார். ஹீட்டரின் சுவர்ப் பெட்டியையும் கழற்றி, அடித்தளத்தில் தூக்கிப்போட்டிருந்த பழைய திருகு வட்டத்தையே திரும்ப வைத்தார். என் கூடத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு நானும் எதிர்வீட்டுக்குப் போனேன்.

அன்று கூட்டம் இன்னும் அதிகம். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் மட்டும் ஏழு தட்டு வந்திருந்தது. பாஸ்டர் வந்திருந்தார், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். லைல் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். மார்லிஸ் நடு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

டாரியன் கண்ணை மூடினான். வலது கை பைக்குள் போனது.

"ஓர்வில், வந்திருக்கீங்களா?"

ஒன்றும் இல்லை. பல்புகள் சாதுவாக எரிந்தன.

"ஓர்வில்?" கோட்டுப் பைக்குள் கட்டைவிரல் அசைந்தது. "அவரு... தயங்கறாரு. இங்கே யாரோ சந்தேகப்படறாங்க."

எண்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரு எலுமிச்சை இனிப்பை எடுத்துக் கடித்தேன்.

"ஓர்வில்! மார்லிஸ் இங்கேதான் இருக்காங்க! பேசுங்க!" விரல் இப்போது தட்தட்டென்று தட்டியது.

ஜன்னலோரம் இருந்த ஆர்டிஸ் கத்தினாள். "ஐயையோ! வெர்னா வீட்டைப் பாருங்க!"

எல்லாரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். என் வீடு திருவிழாக் கொட்டகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மாடி சிவப்பு, கூடம் நீலம், குளியலறை பச்சை. திறந்த ஜன்னல் வழியாகப் போல்கா தெருவையே கிழித்தது. ஹெல்மரின் நாய் நடுரோட்டில் நின்று ஊளையிட்டது. கூடத்துக்குள் பெருக்கும் மெஷின் என் நாற்காலிக் காலை வெறிகொண்டு முட்டிக்கொண்டிருந்தது.

"ஓர்வில் வெர்னா வீட்டுக்குப் போயிட்டாரு!"

"வெர்னா வீட்டுக்கா! எத்தனை நாளா இது?"

"அவ கல்யாணம் பண்ணிக்காததுக்கு இதுதான் காரணமா?"

அறுபது வருஷம் கட்டிக்காத்த என் பெயர் ஒரே நிமிஷத்தில் காற்றில் பறந்தது. நான் இன்னொரு இனிப்பை எடுத்தேன்.

டாரியனின் நெற்றியில் வேர்வை. ஆனால் கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான். "வழி தவறிட்டாரு! ஆத்மாக்களுக்கு வயசாயிடுச்சில்ல..."

"அப்படியா தம்பி" என்றாள் மார்லிஸ். எழுந்தாள். அவள் குரல் பால் மாதிரி இருந்தது. "உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம். கை வேற குளிருது போலிருக்கு, பைக்குள்ளேயே வெச்சிருக்கீங்க. சூடா காபி குடிங்க."

"வேண்டாம்மா."

"குடிங்க தம்பி."

"இல்லைம்மா, வேண்டாம்."

"குடிங்க."

மூன்று ஆகிவிட்டது. எண்பது பேர் அவனைப் பார்த்தார்கள். இந்த ஊரில் மூன்றாம் தடவை மறுத்தவன் பிறகு பெட்ரோல்கூட வாங்க முடியாது. அவன் பையிலிருந்து கையை எடுத்துக் கோப்பையை வாங்கினான்.

"ஹாட்டிஷ் சாப்பிடுங்க" என்றேன் நான், தட்டை நீட்டி. "சாப்பிடுங்க. சாப்பிடுங்க." இடது கையும் போயிற்று.

ஒரு கையில் கொதிக்கும் காபி, ஒரு கையில் கொதிக்கும் ஹாட்டிஷ். எதிரே என் வீடு சட்டென்று மின்னுவதை நிறுத்தியது. போல்கா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த ஆளில்லை.

மார்லிஸ் அவன் முன்னால் நின்றாள். "இப்போ கேளுங்க தம்பி. ஓர்வில் என்னைத் தேடித்தானே வராரு? ஒரே ஒரு சிமிட்டல் போதும். கேளுங்க."

"ஓர்வில்..." என்றான்.

கூடத்தில் பல்பு சிமிட்டவில்லை, என் வீட்டிலும் சிமிட்டவில்லை. மார்லிஸ் மேலே பல்பைப் பார்த்தாள். அது தன் பாட்டுக்கு எரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்தது, ஏமாந்த ஆத்திரம் பாதி, ஓர்வில் நிஜமாகவே போய்விட்டார் என்கிற துக்கம் பாதி.

"நாலு வருஷம் முன்னாடி அழுது முடிச்ச அழுகையை மறுபடி அழ வெச்சிட்டியே தம்பி" என்றாள்.

அவன் பின்வாங்கினான். நாற்காலி இடித்தது, கோட்டுப் பையிலிருந்து போன் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. ஆர்டிஸ் மரியாதைக்காரி, உடனே எடுத்தாள். "தம்பி, உங்க போன்..." திரையில் கலர் கலராக வட்டங்கள். அவள் கட்டைவிரல் ஒன்றின் மேல் பட்டது.

எதிரே என் வீடு முழுக்கப் பச்சை.

ஆர்டிஸ் போனைப் பார்த்தாள். என் வீட்டைப் பார்த்தாள். சிவப்பு வட்டத்தைத் தொட்டாள். சிவப்பு.

"அம்மாடி! நான்தான் ஓர்வில்!" என்று கூவினாள்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! "எனக்கு ஒரு தடவை! எனக்கு ஒரு தடவை!" என்று வரிசை நின்றுவிட்டது. ஹெல்மர் ஒரு வட்டத்தைத் தொட்டார், அவர் வீட்டுக் கூடத்து விளக்கு நீலமாகிவிட்டதாக அவர் மகள் போன் செய்தாள். அறிவியல் வாத்தியார் தொட்டார், மூன்று தெரு தள்ளி வாசல் மணிகள் அடித்தன. பாஸ்டர் வேண்டாம் என்றார், வேண்டாம் என்றார், மூன்றாம் தடவை தொட்டார், என் வீட்டு மாடி ஊதாவானது. ஆர்டிஸ் தன் வீட்டு மணியைத் தானே அடித்துப் பார்த்துவிட்டுத் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். மத்தியானம் மத்தியானம் கதவைத் திறந்து "வாங்க" என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஒவ்வொருவராகச் சிரிப்பு அடங்கியது. எண்பது பேரும் டாரியன் பக்கம் திரும்பினார்கள்.

"இது..." என்றார் ஹெல்மர். உதடு துடித்தது. "இது ரொம்ப வித்தியாசமா இருக்கு."

கூடம் அதிர்ந்தது. ஒரு அம்மாள் குழந்தையின் காதைப் பொத்தினாள். டாரியனுக்குப் புரியவில்லை, வெளியூர்க்காரன். பிழைத்தோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, "அப்போ நான் கிளம்பறேன்" என்றான்.

கிளம்புவதா? எங்கள் ஊரில் விடைபெற அரைமணி ஆகும். கோட்டு மாட்டும்போது ஒரு பேச்சு, கதவில் ஒரு பேச்சு, பனியில் நின்று ஒரு பேச்சு. "ரோடு வழுக்கும், பார்த்துப் போங்க" என்று ஆளுக்கு ஆள் வழிமறித்துச் சொன்னார்கள். மிச்ச ஹாட்டிஷைக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் வேன் கதவைத் திறப்பதற்குள், யாரோ போன் செய்து போலீஸ் ஷெரிப் வந்து சேர்ந்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு மார்லிஸ் சுவரோரம் போய்ப் பழைய வட்டத்தை எழுபத்தைந்துக்குத் திருகினாள். குல்லாவைக் கழற்றினாள். பட்டன் ஜாடியைக் கம்பளத்தில் கவிழ்த்தாள். லைல் முட்டி போட்டுக்கொண்டு பட்டன்களுக்கு நடுவில் மோதிரத்தைத் தேடினார்.

"கிடைச்சாச்சா?" என்றாள்.

"இரு, இது ஓவர்கோட்டுப் பட்டன்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டில் இன்னும் போல்கா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஏரி உருகியது, கல்யாணம் நடந்தது. சர்ச் அடித்தளத்தில் விருந்து. மார்லிஸ் நீலக் கவுனில், கையில் கேக் வெட்டும் கத்தி. லைல் புழு வாசனை போகக் குளித்துவிட்டு வந்திருந்தார். ஊரே திருந்திவிட்டது, இனி ஒருத்தரையும் ஏமாற்ற முடியாது என்று பாஸ்டர் ஒரு பிரசங்கமே செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கத்தி கேக்கில் இறங்கப்போன நேரம், படீர் என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. அடித்தளம் கும்மிருட்டு.

ஆர்டிஸின் கை என் கையை நசுக்கியது. இருட்டில் ஹெல்மரின் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஓர்வில்...?"

"ஓர்விலும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை!" என்று இருட்டுக்குள் மணப்பெண் இரைந்தாள். "காபி மெஷின் மூணையும் ஒரே பிளக்கில சொருகினது யாரு? ஃப்யூஸ் போயிருக்கு! இனிமே விளக்கு அணைஞ்சா முதல்ல ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பாருங்க. அது நல்லா இருந்தா பல்பைக் கழட்டிப் பாருங்க. அதுவும் நல்லா இருந்தா, அவங்கவங்க மண்டையைத் தட்டிப் பாருங்க, உள்ளே யாராவது இருக்காங்களான்னு!"